ரீமேப் செய்த டர்போ கார் ஆயில் குடிக்கிறதா? என்ஜினைப் பிரிக்கச் சம்மதிக்கும் முன் செய்ய வேண்டியவை

என்னிடம் இருப்பது பழைய ஸ்கோடா லாரா 1.8 டிஎஸ்ஐ. முந்தைய உரிமையாளர் ஸ்டேஜ் 1 ரீமேப்பும் (என்ஜின் கணினியின் மென்பொருளை மாற்றிச் சக்தி கூட்டுவது), வெளியில் வாங்கிய கேட்ச் கேனும் (கிராங்க் அறை ஆவியோடு வரும் ஆயிலைப் பிடிக்கும் டப்பா), திறந்த ஏர் ஃபில்டரும் போட்டிருந்தார். அடுத்த சர்வீஸ் வருவதற்குள் ஆயில் விளக்கு எரிய ஆரம்பித்தது. ஒரு ஒர்க்‌ஷாப்பில் "டர்போ போச்சு சார்" என்றார்கள். இன்னொரு இடத்தில் "ஃபுல் என்ஜின் வேலை" என்றார்கள். இரண்டு இடத்திலும் ஒரு அளவுகூட எடுக்கவில்லை. கடைசியில் கிடைத்த காரணம் இவை இரண்டைவிடவும் மலிவானது. அந்த அலைச்சலில் கற்றுக்கொண்டதை, இதே நிலையில் இருப்பவர்களுக்காக வரிசையாக எழுதுகிறேன்.

உதாரணங்கள் வோக்ஸ்வாகன் குழுமத்தின் இஏ888 என்ஜினை ஒட்டியவை. இந்தியாவில் லாரா, பழைய சூப்பர்ப் கார்களில் வந்த 1.8 டிஎஸ்ஐ அதுதான். வேறு டர்போ பெட்ரோல் கார் வைத்திருப்பவர்களுக்கும் சோதனைகளின் வரிசை இதேதான். மலிவானதிலிருந்து விலை கூடியதற்குப் போங்கள். எதையும் தாண்டிக் குதிக்காதீர்கள்.

1. முதலில் அளவெடுங்கள்

"நிறைய குடிக்குது" என்று சொன்னால் எந்த மெக்கானிக்கும் தனக்குத் தெரிந்த பெரிய வேலையைத்தான் சொல்வார். 1,000 கிலோமீட்டருக்கு எத்தனை மில்லி என்று எண்ணோடு போனால் பேச்சே மாறிவிடும்.

காரைச் சமதளத்தில் நிறுத்துங்கள். என்ஜின் நன்றாகச் சூடேறியிருக்க வேண்டும். அணைத்து ஐந்து நிமிடம் விட்டு டிப்ஸ்டிக் பாருங்கள். ஆயிலை அதிகபட்சக் கோடு வரை கொண்டுவந்து, ஓடோமீட்டரைப் படம் எடுத்து வையுங்கள். பிறகு வழக்கம்போல் 1,000 கிலோமீட்டர் ஓட்டுங்கள். இடையில் 250 கிலோமீட்டருக்கு ஒரு முறையாவது டிப்ஸ்டிக்கைப் பார்க்க வேண்டும். முடிவில் அதே இடம், அதே சூடு, அதே காத்திருப்பு. ஆயில் டப்பாவைச் சமையலறைத் தராசில் வைத்து எடையைக் குறித்துக்கொண்டு, பழைய கோட்டுக்கு வரும்வரை ஊற்றி, மறுபடி எடை போடுங்கள். என்ஜின் ஆயில் ஒரு லிட்டர் ஏறக்குறைய 850 கிராம். குறைந்த கிராமை 0.85-ஆல் வகுத்தால் மில்லி கணக்கு வந்துவிடும். கண்ணால் டிப்ஸ்டிக்கைப் பார்த்து மட்டும் சொல்வதைவிட இது எவ்வளவோ துல்லியம்.

இந்தக் குழுமத்தின் கையேடுகள் 1,000 கிலோமீட்டருக்கு அரை லிட்டர் வரை ஏற்கத்தக்கது என்கின்றன. என் பார்வையில் அது தாராளமான வரம்பு. ஆனால் சர்வீஸ் சென்டரில் அதற்குக் கீழே இருந்தால் புகாரையே எடுக்க மாட்டார்கள் என்பதால் அந்த எண் தெரிந்திருக்க வேண்டும். அதைவிட முக்கியம் போக்கு: வருஷக்கணக்காக 200 மில்லி எடுத்த கார் திடீரென்று 450 எடுத்தால், வரம்புக்குள் இருந்தாலும் ஏதோ மாறியிருக்கிறது.

இங்கே மூன்று பொறிகள் உண்டு.

கோட்டுக்கு மேல் ஆயில் ஊற்றாதீர்கள். அதிகமாக இருந்தால் கிராங்க் அதைக் கலக்கி, ஆவியோடு சேர்த்து இன்டேக்குக்கு அனுப்பிவிடும். குறைகிறதே என்று கூடுதலாக ஊற்ற, அதனாலேயே மேலும் குறையும்.

கேட்ச் கேன் இருந்தால் அதில் சேர்ந்ததை அளந்து தனியாக எழுதுங்கள். அது எரிந்த ஆயில் அல்ல. தண்ணீரும் பெட்ரோலும் கலந்திருக்கும் என்பதால் அதை அப்படியே ஆயில் கணக்கிலும் சேர்க்க முடியாது.

மூன்றாவது பலருக்கும் தெரியாதது. ரீமேப்பில் பெட்ரோல் அதிகம் விட்டிருந்தால், குறுகிய தூர ஓட்டத்தில் அது ரிங் (பிஸ்டனைச் சுற்றியிருக்கும் உலோக வளையம்) வழியாக இறங்கி ஆயிலில் கலக்கும். எரிந்த ஆயிலின் இடத்தைப் பெட்ரோல் நிரப்ப, டிப்ஸ்டிக்கில் அளவு குறையாததுபோல் தெரியும். ஒரு நெடுஞ்சாலைப் பயணம் போனதும் பெட்ரோல் ஆவியாகி, அளவு தடாலென்று விழும். டிப்ஸ்டிக்கை முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாசனை பலமாக அடித்தால், ஆயிலை மாற்றிவிட்டுத்தான் அளவெடுப்பைத் தொடங்க வேண்டும்.

அளவெடுக்கும் காலத்தில் ஒரு லிட்டர் ஆயில் டிக்கியில் இருக்கட்டும். பல கார்களில் டிப்ஸ்டிக்கின் இரண்டு கோடுகளுக்கு நடுவே இருப்பதே ஏறக்குறைய ஒரு லிட்டர்தான். இந்த என்ஜினில் டைமிங் செயினை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் ஆயில் அழுத்தத்தில் வேலை செய்வது. பழைய வகை டென்ஷனர் பலவீனமானது என்று பேர் வாங்கியது. ஆயில் குறைந்து செயின் நழுவினால் வால்வுகள் பிஸ்டனில் மோதும். அப்புறம் ஆயில் கணக்குப் பார்க்க என்ஜினே இருக்காது. கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் குறைந்த ஆயிலோடு விரட்டுவது, வளைவில் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கிப் பம்ப் காற்றை இழுக்க வழி செய்வதுதான்.

2. வெளியே ஒழுகுகிறதா பாருங்கள்

இதற்கு ஒரு லிஃப்ட்டும், டார்ச்சும், அரை மணி நேரமும் போதும். அடித்தட்டைக் கழற்றிப் பாருங்கள். தட்டு இருக்கும்வரை ஒழுகும் ஆயில் அதிலேயே தேங்கி, தரையில் சொட்டாது. டைமிங் கவர், ஆயில் ஃபில்டர் தாங்கி, டர்போவுக்குப் போகும் வரும் குழாய்கள், என்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடம் ஆகியவற்றைப் பாருங்கள். கடைசியாகச் சொன்ன இடத்தில் ஈரம் இருந்தால் கிராங்கின் பின்புற சீல். அதை மட்டும் மாற்றச் சொல்லாதீர்கள், படி 4-ஐப் படித்த பிறகு முடிவெடுங்கள். கூலன்ட் தொட்டியில் பழுப்புப் படலம் இருக்கிறதா என்றும் ஒரு பார்வை பாருங்கள்.

3. புகை எப்போது வருகிறது

நண்பர் ஒருவரைப் பின்னால் வேறு வண்டியில் வரச் சொல்லுங்கள். ஓட்டுபவருக்குத் தன் புகை சரியாகத் தெரியாது. நீலப் புகை எந்த நேரத்தில் வருகிறது என்பதில்தான் தகவல் இருக்கிறது.

காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் ஒரு கொத்து நீலப் புகை வந்து நின்றால் சந்தேகம் வால்வ் சீல் மேல். மலை இறக்கத்தில் கியரில் விட்டு இறங்கி, மறுபடி ஆக்ஸிலரேட்டர் கொடுக்கும்போது வந்தால் வால்வ் சீல் அல்லது ஆயில் ரிங், ஏனென்றால் அந்த இறக்கத்தில் சிலிண்டருக்குள் வெற்றிடம் அதிகமாகி ஆயிலை இழுக்கும். பூஸ்ட் (டர்போ தள்ளும் காற்றழுத்தம்) ஏறும்போது மட்டும் வந்தால் பிசிவி (கிராங்க் அறை வாயுவை வெளியேற்றும் அமைப்பு, படி 4-இல் வரும்), டர்போவின் காற்றுப் பக்கம், ரிங் மூன்றுமே பட்டியலில் இருக்கும். சிக்னலில் ரொம்ப நேரம் நின்று கிளம்பும்போது வந்தால் டர்போவின் எக்ஸாஸ்ட் பக்கத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

புகையே தெரியவில்லை என்றால் ஆயில் எரியவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் நல்ல நிலையில் இருக்கும்வரை கணிசமான ஆயிலை எரித்து மறைத்துவிடும். ஆயிலில் உள்ள பாஸ்பரஸ் அதையும் மெல்லக் கெடுக்கும். பிறகு புகைச் சான்றிதழுக்குப் போகும்போதுதான் தெரியவரும்.

4. பிசிவி: முதல் சந்தேகம் இதன் மேல்தான்

ரிங்கைத் தாண்டி கிராங்க் அறைக்குள் இறங்கும் வாயுவை, ஆயிலைப் பிரித்துவிட்டு மறுபடி இன்டேக்குக்கு அனுப்புவது பிசிவி. இந்த என்ஜின்களில் அதற்குள் ஒரு மெல்லிய ரப்பர் படலம் இருக்கிறது. சூட்டில் இறுகி அது கிழியும். கிழிந்தால் இன்டேக்கின் முழு வெற்றிடமும் கிராங்க் அறையை உறிஞ்சும். ஆயில் நேரடியாக உள்ளே போகும்.

சோதனைக்குச் செலவே இல்லை. என்ஜின் ஐடிலில் ஓடும்போது ஆயில் கேப்பைத் திறங்கள். லேசாக இழுத்து, ஐடில் கொஞ்சம் தடுமாறினால் பெரும்பாலும் சரி. கேப்பைத் தூக்கவே சிரமப்படும் அளவுக்கு உறிஞ்சினாலோ, என்ஜினிலிருந்து விசில் சத்தம் வந்து டிப்ஸ்டிக்கை உருவியதும் அது நின்றாலோ படலம் கிழிந்திருக்கிறது. அந்த அதிக வெற்றிடம்தான் கிராங்கின் பின்புற சீலையும் கெடுக்கும். சீலை மாற்றிவிட்டுப் பிசிவியை விட்டுவைத்தால் புது சீலும் போகும். கியர்பாக்ஸை இரண்டு முறை இறக்கும் கூலி உங்கள் தலையில்.

மாறாக, கேப்பைத் தளர்த்தியதும் அது துள்ளினால், உள்ளிருந்து புகை தள்ளினால், கிராங்க் அறையில் அழுத்தம் அதிகம். காரணம் ரிங்காக இருக்கலாம். ஆனால் ரீமேப் செய்த காரில் அதற்கு முன்பே பார்க்க வேண்டியது ஒன்று உண்டு.

5. மாற்றங்களைச் சோதியுங்கள்

டர்போ காரில் பிசிவிக்கு இரண்டு வழிகள். பூஸ்ட் இல்லாதபோது வாயு இன்டேக் மேனிஃபோல்டுக்குப் போகும். பூஸ்ட் வந்ததும் ஒருவழி வால்வ் அந்த வழியை மூட, வாயு டர்போவின் முன்பக்கக் குழாய்க்குப் போகும். அந்த ஒருவழி வால்வ் கசிந்தால் பூஸ்ட் காற்று அப்படியே கிராங்க் அறைக்குள் பாயும். கம்பெனி அளவுப் பூஸ்ட்டில் சமாளித்த வால்வ், ரீமேப்பில் அழுத்தம் கூடியதும் கைவிடுவது உண்டு. கிராங்க் அறையில் அழுத்தம் ஏறினால் ஆயில் எல்லா சீல் வழியாகவும் வெளியேறப் பார்க்கும், டர்போ சீல் உட்பட.

மேனிஃபோல்டுக்குப் போகும் குழாயைக் கழற்றி வாயால் ஊதிப் பாருங்கள். மேனிஃபோல்டை நோக்கி மட்டும் காற்று போக வேண்டும். எதிர்த்திசையில் போனால் வால்வ் போய்விட்டது.

கேட்ச் கேன் இருப்பவர்கள் இந்த இடத்தில் நேரம் செலவிடுங்கள். வெளியில் வாங்கிய கிட்டைப் பொருத்தும்போது கம்பெனியின் ஒருவழி வால்வை எடுத்துவிட்டு, வெறும் குழாயால் இணைத்துவிடுகிறார்கள். அல்லது திசை மாற்றிப் போட்டுவிடுகிறார்கள். குழாய் மெலிதாக இருந்தாலும், மடங்கியிருந்தாலும், கேன் நிரம்பியிருந்தாலும் வாயு போக வழியின்றி அழுத்தம் ஏறும். என் காரில் பிசிவி படலம் கிழிந்திருந்தது, கேட்ச் கேன் வழியில் ஒருவழி வால்வே இல்லை. டர்போ மேல் போட்ட பழி அத்தனையும் இங்கிருந்துதான் வந்தது.

அடுத்து செய்ய வேண்டியது பலருக்கு மனம் வராத வேலை: காரைப் பழைய நிலைக்குக் கொண்டுவாருங்கள். கேட்ச் கேனைக் கழற்றிக் கம்பெனிக் குழாய்களைப் போடுங்கள். ரீமேப் செய்த ட்யூனரிடம் ஸ்டாக் ஃபைலை (கம்பெனியின் மூல மென்பொருளை) ஏற்றச் சொல்லுங்கள். நல்ல ட்யூனர் இதற்குத் தனியாகக் காசு கேட்க மாட்டார். படி 1-இல் சொன்ன அளவெடுப்பை இன்னொரு 1,000 கிலோமீட்டருக்குச் செய்யுங்கள். ஆயில் பாதியாகக் குறைந்தால் குறை மாற்றங்களில். ஒரு வித்தியாசமும் இல்லை என்றால் குறை என்ஜினுக்குள் அல்லது டர்போவில். சில ஆயிரம் ரூபாய்க்குள் முடியும் இந்தச் சோதனைக்கு ஈடான தகவலை எந்தக் கருவியும் தராது என்பது என் உறுதியான கருத்து.

ஸ்டாக் ஆக்கும் முன் கணினியில் லாக் ஒன்று எடுத்து வையுங்கள். ஒவ்வொரு சிலிண்டரிலும் இக்னிஷன் எவ்வளவு பின்வாங்குகிறது என்று பார்க்கலாம். சிலிண்டருக்குள் ஆயில் வந்தால் பெட்ரோலின் நாக் (கட்டுப்பாடின்றித் தானாக வெடிப்பது) தாங்கும் திறன் குறையும், அதைத் தவிர்க்கக் கணினி இக்னிஷனைத் தாமதப்படுத்தும். ஒரே ஒரு சிலிண்டர் மட்டும் அதிகம் பின்வாங்கினால், அடுத்த படிகளில் முதலில் பார்க்க வேண்டிய சிலிண்டர் அது. கூடுதல் பூஸ்ட்டோடு நாக் சேர்ந்தால் பிஸ்டனே உடையலாம் என்பதால் இது ஆயில் செலவோடு நிற்கும் விஷயம் இல்லை.

6. டர்போவைக் குற்றவாளி ஆக்கும் முன்

என்ஜின் ஆறியபின் ஏர் ஃபில்டரிலிருந்து டர்போவுக்கு வரும் குழாயைக் கழற்றுங்கள். உள்ளே ஆயில் ஈரத்தைக் காட்டி "பாருங்க, டர்போ ஒழுகுது" என்பார்கள். நம்பாதீர்கள். பிசிவி வாயு வந்து சேரும் இடமே அந்தக் குழாய்தான். டர்போவுக்கு முன்னால் இருக்கும் ஈரம் பெரும்பாலும் பிசிவி கொண்டுவந்தது.

டர்போவின் வாயில் தெரியும் இறக்கைச் சக்கரத்தை விரலால் சுற்றுங்கள். தடையின்றிச் சுற்ற வேண்டும். பக்கவாட்டில் மிகச் சிறிய அசைவு இயல்பு. இறக்கை கூட்டில் உரசினால் இயல்பு அல்ல. முன்னும் பின்னும் இழுத்தால் கையில் உணரும்படி அசைவு இருக்கக் கூடாது. இன்டர்கூலரின் கீழ்க் குழாயைக் கழற்றினால் மெல்லிய படலம் இருப்பது சகஜம். குளம்போல் தேங்கியிருந்தால்தான் கவலை.

டர்போவின் சீல் ரப்பரால் ஆனது அல்ல, பிஸ்டன் ரிங் போன்ற உலோக வளையம். ஆயில் கீழே இறங்க வழி இருந்தால்தான் அது தாக்குப்பிடிக்கும். இறங்கும் குழாய் கரி பிடித்து அடைத்திருந்தாலோ, கிராங்க் அறையில் அழுத்தம் இருந்தாலோ, நல்ல டர்போவும் ஒழுகும். அதனால் படி 4, 5 முடியாமல் டர்போ மாற்றச் சம்மதிக்காதீர்கள். புதுசு லட்சத்தைத் தாண்டும். அதே காரணம் இருந்தால் புதுசும் ஒழுகும். மாற்றத்தான் வேண்டும் என்றால் ஆயில் குழாய்கள் இரண்டையும் சேர்த்துப் புதிதாகப் போடுங்கள்.

7. கம்ப்ரஷன் நல்லா இருக்கு என்பதோடு நின்றுவிடாதீர்கள்

முதலில் நான்கு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றி, சிலிண்டர் வரிசைப்படி துணியில் அடுக்கிப் படம் எடுங்கள். ஒன்றில் மட்டும் எண்ணெய்க் கரி இருந்தால் அந்தச் சிலிண்டரில் குறை. நான்கிலும் ஒரே மாதிரி என்றால் எல்லாவற்றுக்கும் பொதுவான காரணம், அதாவது பிசிவி அல்லது எல்லா ரிங்கும்.

கம்ப்ரஷன் சோதனை சூடான என்ஜினில், நான்கு பிளக்கும் கழற்றி, த்ராட்டில் முழுக்கத் திறந்து, பெட்ரோலை நிறுத்தி, நல்ல பேட்டரியோடு செய்ய வேண்டும். நான்கு எண்களும் ஒன்றுக்கொன்று 10 சதவீதத்துக்குள் இருந்தால் திருப்தி.

ஆனால் அதை வைத்து "ரிங் நல்லா இருக்கு" என்று சொல்ல முடியாது. கம்ப்ரஷனைப் பிடிப்பது மேலே இருக்கும் இரண்டு ரிங்குகள். ஆயிலை வழித்துக் கீழே அனுப்புவது மூன்றாவது ரிங். இந்த இஏ888 தலைமுறையின் பெயர்போன குறை அந்த மூன்றாவதில்தான்: ரிங் மெலிது, ஆயில் வடியும் துளைகள் சிறிது, கரி அடைத்துக்கொள்ளும். அப்போது கம்ப்ரஷன் அருமையாக இருக்கும், ஆயிலும் குடிக்கும். கம்ப்ரஷன் எண்ணைக் காட்டி வால்வ் சீலுக்கோ டர்போவுக்கோ பழி மாற்றுவது இங்கே அடிக்கடி நடக்கிறது.

அதனால் போரோஸ்கோப் விட்டுப் பாருங்கள். போனில் இணைக்கும் கேமரா இரண்டு மூன்று ஆயிரத்துக்குக் கிடைக்கிறது. பிஸ்டன் தலையின் ஓரம் வட்டமாகக் கழுவியதுபோல் பளபளவென்று ஈரமாக இருந்தால் ஆயில் ரிங் வழியாக மேலே வருகிறது. சிலிண்டர் சுவரில் மேலும் கீழுமாக ஆழமான கீறல்கள் இருந்தால் ரிங் மட்டும் மாற்றிப் பயனில்லை. லீக் டவுன் கருவி (சிலிண்டருக்குள் காற்றடித்துக் கசிவைக் காட்டுவது) இருக்கும் ஒர்க்‌ஷாப் கிடைத்தால் அதையும் செய்யுங்கள். கோவையில் 'கரி மோட்டார் ஸ்பீட்வே' என்ற பந்தயத் தளத்தை ஒட்டி வளர்ந்த ரேஸ் பழக்கத்தால் அந்தக் கருவி வைத்திருப்பவர்களைத் தேடிப் பிடிப்பது சுலபம். காற்று ஆயில் கேப் வழியே சீறினால் ரிங், இன்டேக்கில் சீறினால் உள்வால்வ், சைலன்சரில் கேட்டால் வெளிவால்வ்.

8. பிரித்தே ஆக வேண்டும் என்றால்

இதற்கு முன் ஒரு கடைசி மலிவான முயற்சி: வோக்ஸ்வாகனின் 502.00 தர முத்திரை உள்ள நல்ல 5டபிள்யூ-40 ஆயிலுக்கு மாறி, 15,000 கிலோமீட்டருக்குப் பதில் 5,000-க்கு ஒரு முறை மாற்றிப் பாருங்கள். லேசாக ஒட்டிய ரிங் சில கார்களில் இதிலேயே தளர்கிறது. ஆயிலை அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளரிடம் பில்லோடு வாங்குங்கள், போலி டப்பா நிறைய சுற்றுகிறது. பிசிவியும் ஒருவழி வால்வும் சரிசெய்தபின் என் காரின் செலவு கையேட்டின் வரம்புக்கு வெகு கீழே இறங்கிவிட்டது. அதனால் பிரிக்கவில்லை.

குறையவே இல்லை என்றால் மேம்படுத்திய பிஸ்டனும் ரிங்கும். எஸ்டிமேட் எழுத்தில், உதிரிப் பாகத்தின் எண்ணோடு வாங்குங்கள். இதே என்ஜின் குடும்பத்தில் 21 மில்லிமீட்டர் பிஸ்டன் பின்னும் உண்டு, 23 மில்லிமீட்டர் பின்னும் உண்டு. கனெக்டிங் ராடுக்குப் பொருந்தாத பிஸ்டன் வந்து சேர்ந்தால், பிரித்த என்ஜின் வாரக்கணக்கில் மேசைமேல் கிடக்கும். பாகங்கள் கைக்கு வந்து அளந்து பார்த்தபின்தான் பிரிக்கச் சொல்லுங்கள். நான் விசாரித்தவரை பாகம், கூலி, லேத் வேலை சேர்த்து ஒன்றரை லட்சத்துக்குக் குறைவாக யாரும் சொல்லவில்லை. காலம் மூன்று வாரம் முதல் ஒன்றரை மாதம். பிரிக்கும்போதே டைமிங் செயின், டென்ஷனர், வால்வ் சீல் மாற்றி, உள்வால்வுகளில் படிந்த கரியையும் எடுத்துவிடுங்கள். நேரடியாக சிலிண்டருக்குள் பெட்ரோல் பீய்ச்சும் என்ஜினில் அந்த வால்வைக் கழுவ எதுவும் இல்லை, உங்கள் கார் குடித்த ஆயில் அங்கேதான் சுட்டுப் படிந்திருக்கும்.

9. காகிதங்கள்

ஆயில் பில்கள், ஓடோமீட்டர் படங்கள், எடைக் கணக்கு, லாக் ஃபைல்கள், பிளக் படங்கள், எல்லாவற்றையும் தேதி போட்டு ஒரே ஃபோல்டரில் வையுங்கள். ட்யூனரிடம் ஸ்டாக் ஃபைலின் பிரதியும், ரீமேப்பின் அதிகபட்ச பூஸ்ட் எவ்வளவு என்பதும் எழுத்தில் இருக்கட்டும்.

வாரண்டி உள்ள புதிய கார் என்றால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: இந்தக் குழுமத்தின் கணினியில், ரீமேப் கண்டுபிடிக்கப்பட்ட கார்களுக்கு டிடி1 என்ற குறி விழும். ஸ்டாக் ஃபைல் போட்டுக்கொண்டு போனாலும், எத்தனை முறை எழுதப்பட்டது என்ற எண்ணிக்கை காட்டிக்கொடுக்கலாம். மறைத்துவிட்டுப் போய் மாட்டுவதைவிட, நேராகச் சொல்லி, மாற்றத்துக்குத் தொடர்பில்லாத குறையை எழுத்தில் பதிவு செய்யக் கேளுங்கள். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் மாற்றங்களை முன்கூட்டியே தெரிவித்து, பதிலை மின்னஞ்சலில் வாங்கி வையுங்கள்.

ரிங் வேலை முடித்தவர்களுக்கு: முதல் ஆயிலை 1,000 கிலோமீட்டரில் மாற்றுங்கள். ரிங் சிலிண்டர் சுவரோடு படிய மிதமான சுமை வேண்டும், மணிக்கணக்கில் ஐடிலில் விடுவது உதவாது. அதுவரை கார் ஸ்டாக் ஃபைலிலேயே ஓடட்டும். இரண்டாவது 1,000 கிலோமீட்டரில் மறுபடி தராசில் அளவெடுத்து, எண் பிடித்திருந்தால் மட்டும் ரீமேப்பைத் திரும்ப ஏற்றச் சொல்லுங்கள்.